மார்பிள்ஹெட் ரெஜிமென்ட்: மூன்று பெயர் சொல்கிறார்கள், படை ஒன்றுதானா?

சேலத்தான்:

வணக்கம். நான் சேலத்துக்காரன். இப்போது குடியிருப்பதும் சேலத்துக்குப் பக்கத்தில்தான், ஆனால் இது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். மாம்பழம் கிடைக்காது, சூனியக்காரி பொம்மை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

மகள் ஐந்தாம் வகுப்பு. "சுதந்திரப் போருக்கு முன்னிருந்த ஒரு ஊர்ப்படையின் கதை" என்று சார்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கால்மணி நேரத்தில் மார்பிள்ஹெட் என்கிற பழைய மீன்பிடித் துறைமுக ஊர் இருக்கிறதே என்று சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். போனதில் குழப்பம்தான் மிச்சம். ஓரிடத்தில் மார்பிள்ஹெட் மிலிஷியா என்கிறார்கள். இன்னோரிடத்தில் 21ஆவது ரெஜிமென்ட். வேறொரு கையேட்டில் 14ஆவது கான்டினென்டல். எல்லாவற்றுக்கும் கர்னல் ஜான் குளோவர் என்று போட்டிருக்கிறது. ஆனால் ஜெரமையா லீ என்பவரின் மாளிகையைப் பார்க்கப் போனால் அவரையும் கர்னல் என்கிறார்கள். ஒரு ரெஜிமென்டுக்கு எத்தனை கர்னல்?

மகள் கேட்ட கேள்வி அதைவிடச் சிக்கல். "மீன் பிடிக்கிறவங்க எப்படிப்பா திடீர்னு சோல்ஜர் ஆவாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே வரலாறு படிப்பவர்கள் இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள். புதன்கிழமை சார்ட் கொடுக்க வேண்டும்.

அவசரக்காரன்:

சிம்பிள் சார். மிலிஷியா என்றால் நம்ம ஊர்க்காவல் படை மாதிரி, விருப்பப்பட்டவர்கள் சேர்வது. கான்டினென்டல் என்றால் வாஷிங்டனின் நிரந்தர ராணுவம். ஆக இரண்டும் வேறு வேறு படை. மார்பிள்ஹெட்காரர்கள், போர் ஆரம்பித்த லெக்சிங்டனில் முதல் குண்டு சுட்ட கோஷ்டி என்று நினைக்கிறேன். சார்ட்டில் அதைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

குளச்சல் கரையான்:

தம்பி சேலத்தான், படை ஒன்றுதான். பெயர்தான் இரண்டு தடவை மாறியது. அவசரக்காரர் சொன்னதைச் சார்ட்டில் போட்டால் பிள்ளைக்கு மார்க் குறையும், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. எங்க அப்பா வள்ளத்தில் போனவர். நான் கடலுக்குப் போகாமல் தப்பித்து, கடைசியில் நீங்கள் இருக்கும் கரையிலேயே மேலே குளோஸ்டரில் ஒரு மீன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஐஸ் அள்ளினேன். லீவு நாளில் போக்கிடம் மார்பிள்ஹெட். குளோவரின் கல்லறை இருக்கிற பழைய மேட்டில் உட்கார்ந்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்தே இந்த ரெஜிமென்ட் பைத்தியம் பிடித்தது.

முதலில் மிலிஷியா. அது ஆசைப்பட்டுச் சேர்கிற சங்கமே இல்லை. 16 வயதிலிருந்து 60 வரை ஆணாய்ப் பிறந்தவன் சட்டப்படி அதில் ஆள், பாதிரியார் மாதிரிச் சிலருக்குத்தான் விலக்கு. துப்பாக்கி, மருந்து, குண்டு எல்லாம் அவனவன் செலவு. பயிற்சி நாளில் ஆளைக் காணோம் என்றால் அபராதம். 1636 டிசம்பரில் காலனியின் சபை ஊர்ப்படைகளை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று ரெஜிமென்டாக வகுத்தது. இன்றைய அமெரிக்க நேஷனல் கார்டு படை டிசம்பர் 13ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அதை வைத்துத்தான். சேலம் கிழக்கு ரெஜிமென்டில் வந்தது. மார்பிள்ஹெட் அப்போது தனி ஊர் கூட இல்லை, உங்கள் சேலத்தின் ஒரு மூலை.

நூறு வருஷம் போனதும் மூலை பெருத்துவிட்டது. மற்ற இடங்களில் ஊருக்கு ஒன்றிரண்டு கம்பெனி (படையின் சிறு பிரிவுக்கு அந்தப் பெயர்), நாலைந்து ஊர் சேர்ந்தால்தான் ஒரு ரெஜிமென்ட். மார்பிள்ஹெட்டில் ஊரே ஒரு ரெஜிமென்ட். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளை மனதில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

ஊர் பிழைத்தது காட் மீனில். பாய் கட்டிய ஸ்கூனரில் ஆறேழு பேர், நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் வரைக்கும் போய், வாரக்கணக்கில் கிடந்து தூண்டிலில் பிடித்து, உப்புப் போட்டு அடுக்கிக்கொண்டு வருவார்கள். கரையில் பரண் போட்டுக் காயவைப்பார்கள். கருவாடுதான், வேறென்ன. நல்ல தரம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும். உடைந்தது, கெட்டது எல்லாம் மேற்கிந்தியத் தீவுகளுக்கு, அங்கே கரும்புத் தோட்டத்து அடிமைகளின் சாப்பாட்டுக்கு. சுதந்திரம் பேசிய ஊரின் காசு அந்த வழியாகவும் வந்தது. இதைச் சார்ட்டில் போடுவதா என்பது உங்கள் பாடு. நான் போடுவேன்.

கூலி கிடையாது, பங்குதான். படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிற நம்ம கரை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயும் கிட்டத்தட்ட அதுதான். ஸ்கூனர் குளோவர் மாதிரி ஆட்களுடையது. குளோவர் செருப்புத் தைக்கும் தொழிலில் ஆரம்பித்தவர், பிறகு சரக்கு விற்று, பிறகு கப்பல் வாங்கியவர். 1759லேயே ஊர்ப்படையில் என்சைன், அதாவது அதிகாரிகளில் கடைசிப் படி.

இப்போது உங்கள் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். மீன்காரன் திடீரென்று சோல்ஜர் ஆகவில்லை. கடலில் எவன் "பாயை இறக்கு" என்று கத்தினானோ அவன்தான் மைதானத்தில் "துப்பாக்கியைத் தூக்கு" என்று கத்தினான். பாயை இறக்கு என்றால் ஏன் எதற்கு என்று கேட்க நேரமில்லை, கேட்டால் மொத்தப் பேரும் தண்ணீரில். அந்தப் பழக்கத்தோடுதான் பயிற்சிக்கு வந்தார்கள். விவசாயி அப்படி இல்லை. தன் நிலத்துக்குத் தான் ராஜா, யாராவது உத்தரவு போட்டால் முதலில் தாடையைச் சொறிவான். வாஷிங்டன் மாசசூசெட்ஸ் பக்கத்து நியூ இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது இதனால்தான் என்பது என் கணிப்பு.

இனி கர்னல் கணக்கு. ராஜா காலத்தில் மிலிஷியா அதிகாரிக்குப் பட்டயம் கொடுத்தது கவர்னர். 1774இல் சண்டை முற்றியதும் ஊர்கள் கவர்னரின் ஆட்களை விலகச் சொல்லிவிட்டுத் தங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்தன. மாகாணக் காங்கிரஸ் என்று ஒன்று கூடி, ஊர்ப்படையில் நாலில் ஒரு பங்கை நொடியில் கிளம்பத் தயாராக வைக்கச் சொன்னது. மினிட்மென் என்கிறார்களே, அவர்கள்தான். மார்பிள்ஹெட்டில் அப்போது கர்னல், ஊரிலேயே பெரிய பணக்காரர் ஜெரமையா லீ. அந்த மாளிகை 1768இல் கட்டியது. வெளியே பார்த்தால் கல் மாதிரி இருக்கும், கிட்டப் போய்த் தட்டிப் பாருங்கள், முழுக்க மரம்.

1775 ஏப்ரல் 18 இரவு லீ, அசர் ஆர்ன், எல்பிரிட்ஜ் ஜெரி மூன்று பேரும் மார்பிள்ஹெட்டில் இல்லை. பாஸ்டனுக்கு மேற்கே மெனாட்டமியில் பிளாக் ஹார்ஸ் என்கிற சத்திரத்தில் கூட்டம் முடிந்து படுத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு லெக்சிங்டனுக்குப் போகிற பிரிட்டிஷ் படை சத்திர வாசல் வழியாகவே வருகிறது. ராத்திரி உடுப்போடு பின்வாசல் வழியாக ஓடி, அறுத்த சோளக்காட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் மாதத்து நியூ இங்கிலாந்து மண் எப்படி ஜில்லென்றிருக்கும் என்று தம்பிக்கே தெரியும். லீக்குக் காய்ச்சல் கண்டது, மே 10ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். ரெஜிமென்ட் குளோவர் கைக்கு வந்தது. இரண்டு கர்னல் கதை இவ்வளவுதான்.

லெக்சிங்டனில் முதல் குண்டு யார் சுட்டது என்று இன்றுவரை தகராறு. யாராக இருந்தாலும் மார்பிள்ஹெட்காரன் இல்லை, அவர்கள் அங்கே இல்லவே இல்லை. அடுத்து நடந்த பங்க்கர் ஹில் சண்டையிலும் இல்லை. அந்த வசந்த காலத்தில் துறைமுக வாசலில் லைவ்லி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நின்றிருந்தது. பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது? ஜூன் கடைசியில்தான் பத்துக் கம்பெனி, ஐந்நூறு பேர் அளவில், கேம்பிரிட்ஜுக்கு நடந்தார்கள். அங்கே தங்க ஊரைவிட்டு ஓடிப்போன ராஜ விசுவாசி வாசல் என்பவரின் வீடு கிடைத்தது. ஜூலையில் வாஷிங்டன் வந்ததும் அந்த வீட்டை அவருக்குக் காலி செய்து கொடுத்தார்கள்.

பெயர்க் கணக்கு: ஊரில் இருந்தவரை மார்பிள்ஹெட் மிலிஷியா. 1775இல் மாசசூசெட்ஸ் மாகாணப் படையில் சேர்ந்தபோது 21ஆவது. அந்தக் கோடையிலேயே மாகாணப் படை மொத்தமும் எல்லாக் காலனிகளுக்கும் பொதுவான கான்டினென்டல் ராணுவமாகிவிட்டது. 1776 ஜனவரி 1ஆம் தேதி எல்லா ரெஜிமென்டையும் கலைத்துப் புதிதாக எண் போட்டபோது 14ஆவது கான்டினென்டல். ஆள் பெரும்பாலும் அதே ஆள், உடுப்பு கூட அதே மீன்காரன் உடுப்பு: நீலக் குட்டைச் சட்டை, தார் பூசிய தொளதொளக் கால்சட்டை. தார் எதற்கு என்று பிள்ளை கேட்டால், தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க.

ஏன் இவ்வளவு பேர் வந்தார்கள் என்பதற்குத் தேசபக்தி மட்டும் காரணம் இல்லை. பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டு 1775 ஜூலை 20 முதல் நியூ இங்கிலாந்துக்காரன் வட அட்லாண்டிக்கில் மீன் பிடிக்கக் கூடாது என்றது. ஊர் மொத்தத்துக்கும் வேலை போயிற்று. வேலை போன மீன்காரன் கையில் சம்பளத்தோடு துப்பாக்கியைக் கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வான்?

மீதி ராத்திரி எழுதுகிறேன்.

சேலத்தான்:

அண்ணே, கும்பிடுகிறேன். மகளுக்குப் படித்துக் காட்டினேன், கருவாடு என்றதும் "நம்ம அப்பாயி வீட்டுக் கருவாடா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஹார்வர்டு மைதானத்தில் இவர்கள் பனிக்கட்டி எறிந்து சண்டை போட்டார்கள், வாஷிங்டனே வந்து விலக்கினார் என்று ஒரு கதை படித்தேன், நிஜமா? படையில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள் என்றும் படித்தேன். அந்தக் காலத்தில் அது எப்படி?

பழைய தாள்:

இரண்டும் ஒரே விஷயத்தைத் தொடுகிற கேள்வி, அதனால் நான் நுழைகிறேன். வேலை நூலகத்தில், பழைய ஓய்வூதிய மனுக்களைப் படிப்பது என் பொழுதுபோக்கு.

பனிச்சண்டைக் கதையைச் சொன்னவர் இஸ்ரேல் டிராஸ்க். சண்டை நடந்தபோது அவருக்கு வயது பத்து, அப்பாவோடு வேறொரு ரெஜிமென்டில் சமையல் எடுபிடியாக இருந்த பையன். சொன்னது கிழவரான பிறகு, 1832ஆம் வருஷத்து ஓய்வூதியச் சட்டப்படி தன் சேவையை நிரூபிக்கும்போது. வர்ஜினியாவிலிருந்து வந்த ரைஃபிள்காரர்கள் குஞ்சம் தொங்கும் வெள்ளைத் துணி அங்கி போட்டிருந்தார்கள். மார்பிள்ஹெட்காரர்கள் அதைப் பார்த்துக் கேலி. பாதி உருகிய பனியை உருட்டி எறிய ஆரம்பித்து, பிறகு கடி, குத்து. ஐந்து நிமிஷத்தில் ஆயிரம் பேர் அடித்துக்கொண்டார்கள் என்கிறார். அப்போது வாஷிங்டன் குதிரையில் வருகிறார், கூடவே இன்னொரு குதிரையில் அவருடைய கறுப்பினப் பணியாள்.  வாஷிங்டன் துள்ளி இறங்கி, கடிவாளத்தைப் பணியாளிடம் எறிந்துவிட்டு, வாட்டசாட்டமான இரண்டு ரைஃபிள்காரர்களின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மற்றவர்கள் எல்லாத் திசையிலும் ஓட்டம்.

நிஜமா என்றால், ஏதோ கைகலப்பு நடந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆயிரம் என்கிற கணக்கை நம்பவில்லை. பத்து வயதுப் பையன் கண்ணுக்கு ஐம்பது பேர் அடித்துக்கொண்டாலும் ஆயிரமாகத்தான் தெரியும், அதற்கு மேல் ஐம்பது அறுபது வருஷ வட்டி வேறு. ஆனால் அந்தக் கடிவாளம் இட்டுக்கட்டியது மாதிரி இல்லை. சார்ட்டில் "ஒருவர் முதுமையில் நினைவுகூர்ந்தது" என்று போட்டால் ஆசிரியை சந்தோஷப்படுவார்.

கறுப்பினத்தவர் இருந்தது சந்தேகமே இல்லாத விஷயம், பூர்வகுடிகளும் இருந்தார்கள். மீன்பிடிக் கப்பலில் ஏற்கெனவே ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 1776இல் நியூயார்க்கில் இந்த ரெஜிமென்டைப் பார்த்த பென்சில்வேனியா அதிகாரி அலெக்சாண்டர் கிரேடன் என்பவர், நியூ இங்கிலாந்துப் படைகளையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, ஒழுங்கு தெரிந்த ஒரே படை குளோவருடையதுதான் என்று பாராட்டி எழுதினார். அடுத்த மூச்சிலேயே, அதிலும் நீக்ரோக்கள் இருந்தது பழக்கமில்லாதவர்களுக்குக் கண்ணை உறுத்தியது என்று முகம் சுளிக்கிறார். அவர் பாராட்டிய ஒழுங்கில் அந்தக் கறுப்பு வீரர்களுக்கும் பங்குண்டு என்று அவருக்கு உறைக்கவில்லை.

ராணுவமும் முதலில் அப்படித்தான். 1775 இலையுதிர் காலத்தில் கறுப்பினத்தவரை இனிச் சேர்க்காதே என்று உத்தரவு. டிசம்பர் கடைசியில், ஏற்கெனவே பணியாற்றிய சுதந்திரக் கறுப்பினத்தவர் மறுபடி சேரலாம் என்று வாஷிங்டன் இறங்கி வந்தார். ஆள் பற்றாக்குறைதான் காரணம், மனம் இளகி இல்லை.

குளச்சல் கரையான்:

பழைய தாள் அம்மா சொன்னது அருமை. இந்தக் கிரேடன் சமாச்சாரம் எனக்குப் பாதிதான் தெரியும்.

இனி ஓடக் கதை. 1776 ஆகஸ்ட் 27, நியூயார்க் லாங் ஐலண்டில் வாஷிங்டனுக்குச் செம அடி. மிச்சப் படை புரூக்ளின் மேட்டில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டியிருக்கிறது. ஆறு என்று பெயர், கிழக்காறு. உண்மையில் கடலின் கழுத்து, ஏற்ற இறக்கமெல்லாம் பலமாக இருக்கும். 29ஆம் தேதி ராத்திரி இருட்டியதும் இக்கரையிலிருந்து அக்கரை மன்ஹாட்டனுக்கு ஒன்பதாயிரம் பேரைச் சத்தமில்லாமல் கடத்த வேண்டும். ஓடம் வலித்தது மார்பிள்ஹெட்காரர்களும், சேலம், பெவர்லி பக்கத்து ஆட்கள் நிறைந்த ஹட்சின்சனின் 27ஆவது ரெஜிமென்டும். உங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு தம்பி.

முதலில் காற்று வடகிழக்கிலிருந்து. எங்க கரையில் வாடைக்கொண்டல் என்போம். நீர் வேறு கடலுக்கு இறங்குகிறது. காற்றும் நீரும் சேர்ந்து தள்ளும்போது பாய் விரித்தால் ஓடம் மன்ஹாட்டனுக்குப் போகாது, நேரே பிரிட்டிஷ் கப்பல்கள் நிற்கிற விரிகுடாவுக்குத்தான் போகும். ஆகவே பாய்மர ஓடங்கள் சும்மா கிடக்க, துடுப்பு ஓடம் மட்டும் ஓடுகிறது. துடுப்பில் துணி சுற்றியிருக்கிறார்கள், தேய்கிற சத்தம் வரக் கூடாதென்று. இருட்டில், ஆள் நிரம்பி விளிம்புக்கும் தண்ணீருக்கும் சில அங்குலமே இருக்கிற ஓடத்தை, இழுப்புக்குக் குறுக்கே வலித்து, குறித்த இடத்தில் கொண்டுபோய் ஒட்டுவது என்னவென்று துடுப்புப் பிடித்தவனுக்குத்தான் தெரியும். இறங்க நினைக்கிற இடத்தைப் பார்த்து வலிக்கக் கூடாது, அதற்கு மேலே எங்கேயோ பார்த்து வலிக்க வேண்டும். சிறு பையனாக அப்பாவோடு போனபோது எனக்கு இது விளங்கவே இல்லை. நேரே பார்த்து வலித்து, இரண்டு பர்லாங்கு தள்ளிப் போய் ஒட்டி, முதுகில் வாங்கியிருக்கிறேன்.

நடுராத்திரி நெருங்கும்போது காற்று தென்மேற்குக்குத் திரும்பியது, பாய்மரங்களும் வேலைக்கு வந்தன. ஆனாலும் விடிந்துவிட்டது, இன்னும் ஆள் கரையில். அப்போதுதான் மூடுபனி இறங்கியது. கடைசி ஓடங்களில் ஒன்றில் வாஷிங்டன் ஏறினார் என்பார்கள். சேற்றில் புதைந்த சில கனமான பீரங்கிகளை மட்டும் விட்டுவிட்டு வந்தார்கள்.

சேலத்தான்:

அண்ணே, ஓடம் தள்ளினது சரி. இவர்கள் நின்று சண்டை போட்ட இடம் எதுவும் இல்லையா? பெல்ஸ் பாயின்ட் என்று ஒன்றைப் படித்தேன், 750 பேர் 4,000 பேரைத் தடுத்தார்களாமே. சார்ட்டில் நடுவில் அதைத்தான் வரைந்திருக்கிறாள். இன்னொன்று, ஹன்னா என்கிற கப்பல்தான் அமெரிக்க நேவியின் முதல் கப்பலா?

குளச்சல் கரையான்:

பெல்ஸ் பாயின்ட் 1776 அக்டோபர் 18. காலையில் தூரக்கண்ணாடியில் பார்த்தால் விரிகுடா நிறையப் பிரிட்டிஷ் ஓடங்கள். குளோவர்தான் அங்கே மூத்த அதிகாரி, மேலிடத்தில் கேட்க நேரமில்லை. ஜெனரல் லீயோ வேறு யாராவது அனுபவஸ்தரோ பக்கத்தில் இருந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று தவித்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். (இந்த லீ சார்ல்ஸ் லீ, நம்ம மாளிகைக்காரர் இல்லை. இந்தப் போரில் தடுக்கி விழுந்தால் ஒரு லீ.) சாலையோரக் கல்வேலிக்குப் பின்னால் ஒரு ரெஜிமென்டை உட்காரவைத்தார். எதிரி முப்பது நாற்பது கஜம் வந்ததும் எழுந்து சுடு, பிறகு பின்னால் போ, அடுத்த வேலிக்குப் பின்னால் அடுத்த ரெஜிமென்ட் காத்திருக்கும். அன்று வாஷிங்டனின் படை வெள்ளைச் சமவெளிக்கு, அதான் வைட் ப்ளெய்ன்ஸுக்குப் பின்வாங்க நேரம் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு.

ஆனால் வேலிக்குப் பின்னால் இருந்தது மார்பிள்ஹெட்காரர்கள் இல்லை. ரீட், ஷெப்பர்ட், பால்ட்வின் என்கிற மூன்று கர்னல்களின் ரெஜிமென்ட்கள். குளோவர் அப்போது பல ரெஜிமென்ட் சேர்ந்த பிரிகேடுக்கே தலைவர். தன் சொந்த 14ஆவதைப் பீரங்கிகளோடு பின்னால் இருப்பில் நிறுத்தியிருந்தார். படத்தை அழிக்க வேண்டாம், "குளோவரின் பிரிகேட்" என்று தலைப்பை மாற்றினால் போதும்.

ஹன்னா குளோவரின் சொந்த ஸ்கூனர், மனைவி பெயர். வாஷிங்டன் அதை வாடகைக்கு எடுத்தார், குளோவரின் ஆட்களே மாலுமிகள், மார்பிள்ஹெட் பிராட்டன் கேப்டன், 1775 செப்டம்பர் 5ஆம் தேதி பெவர்லியிலிருந்து பாய் விரித்தது. ஆகவே நேவி பிறந்தது எங்கள் ஊரில் என்று பெவர்லியும் மார்பிள்ஹெட்டும் இன்னும் பலகை வைத்துக்கொண்டு சண்டை. இந்தச் சண்டையில் நான் தலையிட மாட்டேன், இரண்டு ஊரிலும் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கதை. இரண்டே நாளில் யூனிட்டி என்ற கப்பலைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிடித்த சரக்கில் மூன்றிலொரு பங்கு மாலுமிகளுக்கு என்பது பேச்சு. பார்த்தால் அது அமெரிக்கக் கப்பல், நியூ ஹாம்ப்ஷயர் லாங்டனுடையது, பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்ததை இவர்கள் மீட்டிருக்கிறார்கள். வாஷிங்டன் சொந்தக்காரருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். பங்கு இல்லையா? கப்பலில் கலகம். முப்பத்தாறு பேரைப் பிடித்துக் கேம்பிரிட்ஜுக்கு நடத்திக்கொண்டு போய் விசாரணை வைத்தார்கள். ராணுவத்துக்கு அது கலகம். பங்குக்காரனுக்கு அது கணக்குத் தகராறு. ஒழுங்கான படை என்று கிரேடன் மெச்சினாரே, அந்த ஒழுங்கு சொன்ன சொல் நிற்கிறவரைக்கும்தான்.

டெலவேர் ஆற்றைக் கடந்த கதையும் அப்படித்தான் முடிந்தது. 1776 கிறிஸ்துமஸ் இரவு, மெக்காங்கீஸ் ஃபெர்ரி. 2,400 ஆள், 18 பீரங்கி, குதிரை. பனிக்கட்டிப் பாளங்கள் ஆற்றில் மிதந்து வந்து ஓடத்தில் மோதுகின்றன. பதினோரு மணிக்கு மேல் ஆலங்கட்டியும் பனியுமாகப் புயல். நள்ளிரவுக்குள் கடந்துவிடுவதாகத் திட்டம், முடிந்தது விடியற்காலை மூன்று மணிக்கு. கீழே இன்னும் இரண்டு இடத்தில் வேறு படைகள் கடக்க வேண்டியிருந்தது. ஒன்று கடக்கவே இல்லை, இன்னொன்று ஆளைக் கடத்தியும் பீரங்கியைக் கடத்த முடியாமல் திரும்பிவிட்டது. மார்பிள்ஹெட்காரர்கள் இருந்த இடம் மட்டும் நடந்தது. அவர்கள் தனியாகச் செய்யவில்லை, அந்தப் பக்கத்து ஓடக்காரர்களும் கூட இருந்தார்கள். பிறகு ஒன்பது மைல் நடந்து, டிரென்டனில் சண்டை போட்டு, ஓடையின் பாலத்தை அடைத்து, ஏறக்குறைய 900 ஹெஸ்ஸியன் கைதிகளோடு (பிரிட்டிஷார் கூலிக்கு எடுத்த ஜெர்மன் வீரர்கள்) அதே ஆற்றை மறுபடி கடந்தார்கள். தூங்கினது எப்போது என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

ஐந்து நாள் கழித்து டிசம்பர் 31. ஒப்பந்தம் முடிகிற நாள். ஆறு வாரம் கூட இருந்தால் பத்து டாலர் தருகிறேன் என்று வாஷிங்டன் கேட்டார், சில ரெஜிமென்ட்கள் நின்றன. மார்பிள்ஹெட்காரர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். பயணத்துக்கு எழுதிக்கொடுத்தோம், பயணம் முடிந்தது, கரை வந்தது, கணக்கைத் தீர். பலபேர் எதிரிக் கப்பல் பிடிக்கிற தனியார் கப்பலில் ஏறினார்கள், அங்கே பங்கு உறுதி. 14ஆவது கான்டினென்டல் அத்தோடு சரி. குளோவர் மட்டும் பிறகு பிரிகேடியர் ஜெனரலாகப் போருக்குத் திரும்பினார்.

இதைத் துரோகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்க அப்பாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவசரக்காரன்:

லெக்சிங்டன் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டிரென்டனுக்குப் பிறகு வாஷிங்டன் படையைத் துரத்த வந்தது கார்ன்வாலிஸ்தானே? திப்புவோடு சண்டை போட்ட அதே ஆளா?

பழைய தாள்:

அதே ஆள்தான். 1781இல் யார்க்டவுனில் சரணடைந்தார், 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார், 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு சேலத்துக்குப் பக்கத்து மீனவர்களிடம் ஏமாந்தவர் இன்னொரு சேலத்தைப் பிடித்தார் என்று சேலத்தான் சார்ட்டில் போட்டால் நான் பொறுப்பில்லை.

சேலத்தான்:

போட ஆசைதான், இடமில்லை. நடுவில் டெலவேர் ஓடத்தையும் சேர்க்கிறாள். நன்றி எல்லாருக்கும். ஓடம் எப்படி இருக்கும் அண்ணே? வாஷிங்டன் நின்றுகொண்டு ஆற்றைக் கடக்கிற பிரபலமான படத்தில் பார்க்கிற சின்னப் படகுதானா?

குளச்சல் கரையான்:

அந்தப் படத்தை நம்பாதீர்கள். டர்ஹாம் ஓடம் என்று பெயர், இரும்புப் பாளம் ஏற்றுகிறது. நாற்பது அடிக்கு மேல் நீளம், பக்கம் உயரம், அடி தட்டை, இரண்டு முனையும் கூர். தள்ள நீளக் கழி, பின்னால் திருப்ப ஒரு பெரிய தண்டு. வாஷிங்டனை நிற்கவைப்பதா உட்காரவைப்பதா என்பது பிள்ளை இஷ்டம்.